பட்டாள லோரிக்கு விளக்கெண்ணெய்

எண்ணெய் எல்லாம் ஒன்றுதானே என்று நினைக்கிறவர்கள் நம் வயதில் யாரும் இருக்க மாட்டீர்கள். விளக்குக்கு ஒன்று, தலைக்கு ஒன்று, வாணலிக்கு ஒன்று, வயிற்றுக்கு ஒன்று என்று அடுப்படியில் வரிசையாக நிற்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். எங்கள் வீட்டில் கூடுதலாக இரண்டு இருந்தன. இஞ்சினுக்கு ஒன்று, கியருக்கு ஒன்று. அதனால் எங்கள் அக்காவின் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது. சொன்னால் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். நீங்கள் சிரிக்க மாட்டீர்கள் என்று நம்பிச் சொல்கிறேன். நம்புவது எனக்குச் சுலபமில்லை. நான் எங்கள் அப்பாவின் மகள்.

அப்போது கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில் தண்டவாளத்துக்குப் பின்னால், பலகை வீடு ஒன்றில் வாடகைக்கு இருந்தோம். வெள்ளைக்காரர்களின் பெரிய யுத்தம் முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. பட்டாளம் வேண்டாமென்று தள்ளிவிட்ட லோரிகள் சிங்கப்பூரில் ஏலத்துக்கு வந்தன. அப்பா காப்பார் பக்கம் ஒரு தோட்டத்து ரப்பர் ஆலையில் நீராவி இஞ்சின் பார்த்துக்கொண்டிருந்தவர். அந்த வேலையை விட்டுவிட்டு, அம்மாவின் அட்டியலையும் விற்று, அப்படிப்பட்ட லோரி ஒன்றை வாங்கி வந்து வாசலில் வாகை மரத்தடியில் நிறுத்தினார்.

அதற்குக் கதவு கிடையாது. காற்றடிக்காத கட்டி ரப்பர் சக்கரம். முன்னால் இரும்புப் பிடியைச் சொருகிச் சுற்றினால்தான் இஞ்சின் கிளம்பும். பச்சைப் பூச்சுக்கு அடியில் பட்டாளத்து வெள்ளை எண்கள் லேசாகத் தெரியும். அதில் செத்துப்போன சோல்ஜர் உட்கார்ந்திருக்கிறான் என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சொல்ல, அம்மா ஓர் எலுமிச்சம்பழத்தையும் மிளகாயையும் கோத்து முன்பக்கம் தொங்கவிட்டாள். அதன் பிறகு சோல்ஜரைப் பற்றி யாரும் பேசவில்லை.

லோரியை ஓட்டியது மாமா, எங்களோடேயே இருந்த அம்மாவின் தம்பி. காப்பாரிலிருந்து கொப்பரையும் தேங்காயும் ஏற்றிக்கொண்டு கோலாலம்பூர்ச் சந்தைக்கு, எங்கள் பேச்சில் பாசாருக்கு, வருவார். எங்கள் அக்காவுக்கு அவர்தான் முறை மாப்பிள்ளை. தை பிறந்தால் கல்யாணம் என்று பேசி வைத்திருந்தார்கள். அக்காவுக்குப் பதினெட்டு ஆகிவிட்டது. அந்தக் காலத்தில் அது ‘இன்னுமா வச்சிருக்கீங்க’ என்று ஊர் கேட்கும் வயது. காப்பாரில் கம்பம் என்கிற மலாய்க் கிராமத்தில் குலா மலாக்கா என்னும் பனைவெல்லம் மாதிரியான சர்க்கரை காய்ச்சுவார்கள். இரண்டு கட்டிகளை ஜோடியாக ஓலையில் சுற்றித்தான் விற்பார்கள். ஒவ்வொரு நடைக்கும் மாமா ஒரு ஜோடி வாங்கி வந்து, எனக்கு என்று சொல்லி என் கையில் கொடுப்பார். அது யாருக்கு என்று எனக்குத் தெரியும். கொண்டுபோய் அக்காவிடம் கொடுப்பேன், அவள் ஒரு விள்ளல் எனக்குத் தருவாள்.

அப்பாவுக்கு யாரையும் நம்ப வராது. பால்காரர் ஊற்றும் பாலில் ஒரு சொட்டை நகத்தில் எடுத்து, நிற்கிறதா ஓடுகிறதா என்று பார்ப்பார். மீன்காரியின் தராசைத் தாம் ஒரு தடவை தூக்கிப் பிடிக்காமல் மீன் வாங்க மாட்டார். லோரி வந்ததும் அந்தக் குணம் முழுக்க எண்ணெயின் மேல் இறங்கியது. பாசாரில் எண்ணெய் விற்றவர் நாகூர்ப் பக்கத்து மனிதர். நானா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அப்பா தலை தெரிந்தாலே அவருக்கு வேர்த்துவிடும்.

“நானா, இது புது எண்ணெயா? எவனோ ஓட்டிக் கழிச்சத வடிகட்டி வச்சிருக்கீங்களா?”

“அல்லா மேல ஆணை, புதுசு தம்பி. டின்னு வாய் திறக்கல பாருங்க.”

“வாய் திறக்காட்டி என்ன? அடியில ஓட்டை போட்டு எடுத்துட்டு ஈயத்த வச்சு அடைக்க முடியாதா?”

டின்னைத் தலைகீழாகக் கவிழ்த்து, அடிப்பாகத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவார். வீட்டுக்கு வந்தால் மறுபடி சோதனை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்த்துப் பார்ப்பார். மை ஒற்றும் தாளில் ஒரு சொட்டு விட்டு, நடுவில் கறுப்புப் பொட்டு விழுகிறதா என்று விடிந்ததும் பார்ப்பார். காய்ந்த தோசைக்கல்லில் விட்டு, புகையை முகர்வார். ஒரு நாள் நாக்கிலேயே வைத்துவிட்டார்.

“மச்சான், நல்லாருந்தா சொல்லுங்க, நாளைக்கு இட்லிக்கும் அதையே ஊத்திக்குவோம்” என்றார் மாமா.

உள்ளே அக்கா சிரித்த சத்தம் கேட்டது. அப்பா அதற்கும் திரும்பி, “அவ எதுக்குச் சிரிக்கிறா?” என்று கேட்டார்.

வாங்கிய ஒவ்வொரு எண்ணெயிலும் கொஞ்சத்தை மருந்துப் போத்தலில் ஊற்றித் தக்கை போட்டு ஜன்னல் கட்டையில் அடுக்கி வைப்பார். நாளைக்கு வண்டிக்கு ஏதாவது ஆனால் ஏமாற்றியவன் யார் என்று தெரிய வேண்டுமாம். காலை வெயில் விழும்போது ஒன்று தேன் நிறம், ஒன்று தேயிலைச் சாயம், ஒன்று ஒளியே புகாத கறுப்பு. எனக்கு அந்தப் போத்தல்கள் அவ்வளவு பிடிக்கும். எந்த வீடு மாற்றும்போது அவை தொலைந்தன என்று தெரியவில்லை.

கியர் பெட்டிக்கும் பின் அச்சுக்கும் வேறு எண்ணெய் வேண்டும். அதில் அப்பாவுக்கும் மாமாவுக்கும் தினம் சண்டை.

“காலங்காத்தால கியரு விழவே மாட்டேங்குது மச்சான். கொஞ்சம் இளக்கமா ஊத்துங்களேன்.”

“இளக்கமா ஊத்துனா பல்லு தேயும். தேஞ்சா நீ வாங்கித் தருவியா?”

கடைசியில் அப்பா தமக்குத் தெரிந்ததையே எடுத்தார். ஆலையில் நீராவி இஞ்சின் சிலிண்டருக்குப் போடுவார்களே, அந்தக் கெட்டி எண்ணெய். குச்சியை முக்கித் தூக்கினால் நூல் அறுபடாமல் இறங்கும். ஆட்டுக் கொழுப்பு வாசம் அடிக்கும் என்பதால் வெள்ளிக்கிழமைகளில் அந்த டின்னை வேலிக்கு வெளியே வைக்கச் சொல்லுவாள் அம்மா. ஆனால் அதை ஊற்றியதும் பின் அச்சின் ஊளைச் சத்தம் நின்றது. மாமாவே ஒத்துக்கொண்டார். அன்றிலிருந்து எண்ணெய் விஷயத்தில் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை.

வழியில் பத்து தீகா என்ற ஊரின் மேட்டில் ஏறும்போதெல்லாம் இஞ்சின் கொதித்து நின்றுவிடும். மாமா பக்கத்து ஓடையில் தண்ணீர் மொண்டு ஊற்றி, ஆறும்வரை உட்கார்ந்திருப்பார். தோட்டத்துத் துரையின் கார் டிரைவர் ஒருவர், யுத்தத்தில் ஆகாயக் கப்பலுக்கே விளக்கெண்ணெய்தான் ஊற்றினார்கள் என்று காப்பார் வழியிலிருக்கும் கிள்ளான் டவுன் காப்பிக் கடையில் சொல்லியிருக்கிறார். யார் சொன்னாலும் நம்பாத அப்பா இதை மட்டும் உடனே நம்பினார். ஏனென்றால் அவர் மனதில் ஏற்கெனவே இருந்ததைத்தான் அந்த ஆள் சொன்னார்.

“வண்டிக்கு உடம்பு சூடு. வேற ஒண்ணும் இல்ல.”

உங்கள் வீடுகளிலும் அப்படித்தானே? கண் எரிந்தால் உள்ளங்காலில் விளக்கெண்ணெய். வயிறு கடுத்தால் தொப்புளில் விளக்கெண்ணெய். பிறந்த குழந்தைக்கு, பிள்ளை பெற்றவளுக்கு, வெயிலில் நின்று வந்தவனுக்கு, எல்லாருக்கும் அதுதான். இஞ்சினுக்கு மட்டும் ஆகாதா? வீட்டில் ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. நானாகூட, “குளிர்ச்சியான சாமான்தான் தம்பி” என்றார். நாகப்பட்டினத்துக் கப்பலில் வந்த விளக்கெண்ணெயை அம்மாவே ஜாடியிலிருந்து வார்த்துக் கொடுத்தாள். நான் புனலைப் பிடித்தேன், மாமா ஊற்றினார்.

“பழசக் கீழ விட்டுட்டு ஊத்தலாமா மச்சான்?”

“நல்ல எண்ணெய எதுக்குக் கொட்டணும்? இருக்கறதோட சேரட்டும்.”

முதலில் என்னவோ லோரி ராஜா மாதிரிதான் ஓடியது. புகையில் ஒரு இனிப்பு வாசம் வரும். தெருப் பிள்ளைகள் எல்லாம் அதை முகர்வதற்காகவே பின்னால் ஓடுவோம். அப்பா வாசலில் நின்று எங்களைப் பார்த்துச் சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அந்த நாட்களில்தான்.

பிறகு ஒரு நாள் கிள்ளான் சாலையில், கொப்பரைச் சுமையோடு இஞ்சின் இறுகி நின்றது. பிடியைச் சுற்றினால் அசையவில்லை. மாட்டை விட்டு இழுத்துக்கொண்டு வந்தார்கள். வாகை மரத்தடியில் சாக்கை விரித்துப் படுத்து, இஞ்சினின் அடி மூடியைக் கழற்றினார் அப்பா. எண்ணெய் ஒழுகும் என்று கீழே தகரத்தை வைத்திருந்தார். ஒழுகவில்லை. பழுப்பாக, பிசுபிசுவென்று ஏதோ கயிறு கயிறாகத் தொங்கியது. அப்பா விரலால் வழித்து முகர்ந்தார்.

“பாகு” என்றார்.

“விளக்கெண்ணெயா இருக்குமோப்பா?” என்று கேட்டேன்.

“வாய மூடு. கைப்புள்ளைக்கே குடுக்கற சாமான் அது.”

அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையோடு விளக்கெண்ணெய் குற்றத்திலிருந்து தப்பிவிட்டது. அடுத்த ஆளைத் தேட வேண்டியதுதானே? எதிரியின் வண்டியைக் கெடுக்க எண்ணெயில் சர்க்கரை போடுவார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. வீட்டுக்குச் சர்க்கரை கொண்டு வருகிறவர் யார்? மாமா. இஞ்சினைத் தினமும் தொடுகிறவர் யார்? மாமா. போதாததற்கு, கிள்ளானில் நாலு லோரி வைத்திருந்த ஒரு சீன முதலாளி, தவுக்கே என்பார்கள், மாமாவை வேலைக்குக் கூப்பிட்டதாக அப்பாவுக்குக் காப்பிக் கடையில் யாரோ சொல்லியிருந்தார்கள்.

“சர்க்கரையப் போட்டுட்டயேடா.”

மாமா முதலில் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார். “நான் ஓட்டுற வண்டிக்கு நானே எதுக்கு மச்சான் போடணும்?”

“கிள்ளான் தவுக்கே உன்னக் கூப்பிட்டானா இல்லயா?”

“கூப்பிட்டான். வரலன்னுட்டேன்.”

“வரலன்னு சொன்னவன் ஏன் எங்கிட்டச் சொல்லல?”

“சொன்னா சந்தேகப்படுவீங்கன்னுதான்.”

அம்மா நடுவில் வந்து, “என்னங்க இது, எந்தம்பியப் பாத்தா…” என்று ஆரம்பித்தாள். “உந்தம்பின்னுதான் இவ்வளவு நாள் விட்டு வச்சேன்” என்றார் அப்பா. பிறகு கதவோரம் நின்ற அக்காவைப் பார்த்தார். “போன தடவ சர்க்கரை எவ்வளவு குடுத்தான்?”

அக்கா கதவு நிலையை நகத்தால் சுரண்டினாள்.

“உன்னத்தான் கேக்கறேன்.”

“எப்பவும் ஜோடியாக் குடுப்பாரு. போன தடவ ஒண்ணுதான் குடுத்தாரு.”

மாமா அதுவரை அப்பாவைப் பார்த்துத்தான் பேசிக்கொண்டிருந்தார். அந்தச் சொல் விழுந்ததும் அக்காவை ஏறிட்டுப் பார்த்தார். உள்ளே போய்த் தம் துணிகளைக் கட்டி எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தார். சாயங்காலம் அம்மா உலை வைக்கவில்லை. நாங்கள் காலைச் சோற்றில் தண்ணீர் ஊற்றித் தின்றோம்.

கல்யாணப் பேச்சு முறிந்தது என்று அப்பா அறிவித்தார். சாலாக் செலாத்தானில் ஈயச் சுரங்கத்தில் கணக்குப் பார்த்த ஒருவருக்கு மனைவி இறந்து, இரண்டு பிள்ளைகள் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை அவர் பெண் பார்க்க வருவார் என்று அடுத்த வாரமே சொல்லிவிட்டார். அக்கா சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. மாமா கடைசியாகக் கொடுத்த கட்டி ஓலையோடு அரிசிப் பானைக்குள் கிடந்தது. அவளும் தின்னவில்லை, எனக்கும் தரவில்லை.

வீடே விஷம் பிடித்துப்போனது. நானா பாகைக் கலந்து விற்றிருப்பாரோ என்று அப்பா யோசிப்பார். பக்கத்து வீட்டுக்காரர் லோரிப் பக்கம் போனால் எழுந்து போய்ப் பார்ப்பார். நான் அடுப்படியில் சர்க்கரை டப்பாவைத் திறந்தால், “எவ்வளவு எடுத்த?” என்று குரல் வரும். எனக்கு அழுகையாக வரும். அக்காவின் மேல்தான் கோபம் அதிகமாக இருந்தது. ஒன்றுதான் கொடுத்தார் என்பதை இவள் ஏன் வாய் திறந்து சொல்ல வேண்டும்?

அம்மாவுக்கு மட்டும் மனது ஆறவில்லை. தம்பி சோம்பேறி, வாய்த் துடுக்கு, சீட்டு ஆடுவான், எல்லாம் அவளுக்குத் தெரியும். வண்டியைக் கெடுக்கிறவன் இல்லை என்பதும் தெரியும். அப்பா வெளியே போன ஒரு காலையில் ஜன்னலிலிருந்து தேன் நிறப் போத்தலை எடுத்தாள். பழைய இரும்புக் கரண்டியில் அந்த இஞ்சின் எண்ணெயைக் கொஞ்சம் ஊற்றி அடுப்பில் காட்டி, சர்க்கரையைப் பொடித்துப் போட்டாள். சர்க்கரை கரையவில்லை. அடியில் உட்கார்ந்து, கருகி, கல்லாகிவிட்டது.

“எத்தன தீவாளிக்கு அதிரசம் சுட்டிருக்கேன்? எண்ணெயில சர்க்கரை எங்கயாச்சும் பாகாகுமாடி? இது எனக்கு அன்னிக்கே தோணியிருக்க வேணாமா?” என்று தன் தலையிலேயே குட்டிக்கொண்டாள்.

அடுத்து இன்னொரு கரண்டியில் அதே இஞ்சின் எண்ணெயோடு விளக்கெண்ணெயைச் சேர்த்தாள். இரண்டும் ஒட்டாமல் தனித்தனியாக நின்றன. அதைச் சோறு வடிக்கும்போது ஒரு தடவை, குழம்பு இறக்கும்போது ஒரு தடவை என்று நாள்தோறும் அடுப்பில் காட்டி ஆறவிட்டாள். மூக்கைப் பொத்திக்கொண்டு நானும் பார்ப்பேன். ஞாயிற்றுக்கிழமை நெருங்க நெருங்க அம்மாவுக்குப் பதற்றம். வெள்ளிக்கிழமை காலையில் கரண்டியைச் சாய்த்தாள். எண்ணெய் சாயவில்லை. பழுப்பாகக் கயிறு கயிறாகத் தொங்கியது.

அப்பா வந்ததும் அவர் முன்னால் இரண்டு கரண்டியையும் வைத்தாள்.

“இது சர்க்கரை. இது விளக்கெண்ணெய். வண்டிக்குள்ள இருந்தது எது, நீங்களே சொல்லுங்க.”

அப்பா தொட்டார், முகர்ந்தார், விரலில் தேய்த்தார். “இதுல வேற என்ன சேத்த?”

“எங்கண்ணீரச் சேத்தேன்! பால்காரனச் சோதிச்சீங்க, நானாவச் சோதிச்சீங்க, எந்தம்பியத் தெருவுல நிறுத்துனீங்க. நீங்க செஞ்சது சரியான்னு ஒரு நாளாச்சும் சோதிச்சீங்களா?”

அப்பா எழுந்து போய் லோரியின் படியில் உட்கார்ந்துகொண்டார். அவரை நான் அப்போது வெறுத்தேன். இப்போது அவரைவிட எனக்கு வயது அதிகம். அந்த வண்டியில் அவர் வேலையும் அம்மாவின் கழுத்தும் போயிருந்தன. தவறு தம்முடையது என்றால் எல்லாமே தம்மால் போனதாகிவிடும் அல்லவா? அதைவிட இன்னொருவனைக் குற்றவாளியாக்குவது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. பாவம்தான். ஆனாலும் செய்தது அநியாயம்.

மறுநாள் காலை ரயிலில் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு கிள்ளானுக்குப் போனாள். மாமா அந்தத் தவுக்கேயிடமே வேலைக்குச் சேர்ந்ததாகக் கேள்விப்பட்டிருந்தாள். அங்கே கொட்டகையில் அவர் வேறு ஒரு லோரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார். அம்மா எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை வாளியைக் கீழே வைக்கவில்லை.

“மச்சான் அனுப்புனாரா?”

“ஸ்டேஷன் வரைக்கும் வந்தாரு. கிள்ளானுக்குத்தான் டிக்கெட்டு குடுத்தானான்னு ரெண்டு தடவ பாத்துட்டுப் போனாரு.”

மாமாவுக்குச் சிரிப்பு வந்தது. உடனே அடக்கிக்கொண்டார். “நாளைக்கு வந்து ஒரு கேள்வி கேப்பேன்க்கா. பதிலக் கேட்டுட்டுத்தான் இருக்கறதா போறதான்னு முடிவு.”

சாலாக் செலாத்தான்காரர் சாயங்காலம் வருவதாக இருந்தது. மாமா மத்தியானத்துக்கு முன்பே வந்துவிட்டார். அப்பா பாயில் உட்கார்ந்திருந்தார். வா என்று சொல்லவில்லை. “இஞ்சினப் பிரிச்சுக் கழுவணும். ஆள் வேணும்” என்றார், எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு. மன்னிப்பு என்று அவரிடமிருந்து வந்தது அவ்வளவுதான். மாமா அக்காவின் பக்கம் திரும்பினார்.

“நீயும் நம்புனியா?”

அம்மா அக்காவின் பின்னால் நின்றாள். இல்லை என்று சொல்லடி என்று அவள் முதுகில் கிள்ளியதை நான் பார்த்தேன். ஒரு சின்னப் பொய். அந்த ஒரு பொய்யைச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும்.

“நம்புனேன் மாமா” என்றாள் அக்கா. “அப்பா கேக்கறதுக்கு முந்தியே சந்தேகம் வந்துருச்சு. ஒண்ணுதான் குடுத்தீங்க, இன்னொண்ணு எங்கன்னு. உங்ககிட்டக் கேட்டிருக்கணும். கேக்கல.”

அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

“மேட்டுல வண்டி கொதிச்சு நின்னுச்சு. பசி. தின்னுட்டேன்” என்றார் மாமா.

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். “இல்லன்னு சொல்லியிருந்தா இப்பவே கிள்ளானுக்குத் திரும்பியிருப்பேன்” என்றார் மாமா. “அன்னிக்கு உம்மூஞ்சியப் பாத்தப்பவே தெரியும் எனக்கு. இந்த வீட்டுல என்னை நம்ப ஆளில்ல, சரி. நான் நம்பறதுக்காச்சும் ஒரு ஆள் வேணும்ல? நீ சொன்னா இனிமே நான் நம்புவேன்.” பிறகு அப்பாவைப் பார்த்து, “சாலாக் செலாத்தானுக்கு ஆள் அனுப்பி வர வேணாம்னு சொல்லிருங்க மச்சான். தை மாசத்துல நாள் பாருங்க” என்றார்.

அத்தனை நாளும் அழாத அக்கா அப்போதுதான் கதவைப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதாள். நானும் அழுதேன். அப்பா எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அம்மாவின் பக்கம் மெல்லச் சாய்ந்தார்.

“இவன் ஏன் இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கறான்?”

அம்மா அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, “கொஞ்சம் சும்மா இருங்க” என்றாள். அப்பாவின் பெயரை அவள் வாயிலிருந்து நாங்கள் கேட்டது வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான்.